ஊட்டி சீசனில் தோடர் சால்வை: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டி போயிருந்தோம். வழியில் ஒரு சாலையோரக் கடையில் ‘ஒரிஜினல் தோடா சால்வை’ என்று சொல்லி 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பில் தரவில்லை. பார்க்க அதே மாதிரி இருந்த சால்வைக்கு இன்னொரு கடையில் பல ஆயிரம் சொன்னார்கள். நான் ஏமாந்துவிட்டேனா, இல்லை அந்தக் கடைக்காரர் கொள்ளை அடிக்கிறாரா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் தைத்த சால்வை 450 ரூபாய்க்குக் கிடைக்க வழியே இல்லை. வீட்டு வேலை, தோட்ட வேலைக்கு நடுவே ஒரு பெண் வாரக்கணக்கில் உட்கார்ந்து தைத்தால்தான் நெருக்கமான வேலைப்பாடுள்ள ஒரு சால்வை முடியும். துணிக்கும் நூலுக்கும் கடைக்காரர் லாபத்துக்கும் போக, 450 ரூபாயில் தைத்தவர் கூலிக்கு என்ன மிஞ்சும்?

சால்வை கையில்தானே இருக்கிறது, திருப்பிப் பாருங்கள். தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. நெய்த துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியைக் கோத்துக்கொண்டு போவார்கள். அதனால் வடிவங்கள் எல்லாம் இழையின் போக்கிலேயே, கோடும் கட்டமும் கோணமுமாக வரும். நூலை இழுத்து இறுக்காமல் சின்னச் சின்ன வளையமாகக் கொஞ்சம் மேலே விட்டுவிடுவார்கள். விரலால் தடவினால் புடைப்பு தெரியும். இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளலாம். அடித்துணி வெள்ளையோ, சற்றே பழுப்பேறிய வெள்ளையோ, முரட்டுப் பருத்தி. நூல் பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும்.

மெஷின் எம்பிராய்டரி என்றால் பின்பக்கம் வேறு நூல் ஓடியிருக்கும், பல சமயம் விறைப்பாக ஒரு தாளும் ஒட்டியிருக்கும். தறியிலேயே பூ போட்டது என்றால் பின்னால் நூல்கள் நீளநீளமாகத் தொங்கும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் மங்கல். அக்ரிலிக் கம்பளி மாதிரி வழவழவென்று இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

மெஷினில் செய்த சால்வையை மெஷினில் செய்தது என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குளிருக்கு அதுவும் ஆகும். ‘தோடா’ என்ற பெயரை ஒட்டி விற்பதுதான் தப்பு. மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர் உள்ள ஒரு சமூகம். பூத்துக்குளி என்ற அந்தப் போர்வையைத் தாங்களும் உடுத்துகிறார்கள், இறந்தவர் மேலும் போர்த்துகிறார்கள். அவர்கள் பெயரில் யாரோ சம்பாதிக்கிறார்கள்.

சட்டப்படி, சரக்கின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள், விற்றவர் பெயர் அதில்தான் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், சீசன் முடிந்ததும் அந்தக் கடை அங்கே இருக்குமா என்பதே சந்தேகம். அடுத்த முறை பில்லில் ‘தோடர் கை எம்பிராய்டரி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போலி விற்பவர் அந்த ஒரு வரியை எழுதத் தயங்குவார்.

கேள்வி: புவிசார் குறியீடு இருந்தால்தான் அசலா? கண்காட்சியில் ஒரு தோடர் அம்மாவே விற்ற பையில் எந்த முத்திரையும் இல்லையே?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம், தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் மூவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். முத்திரை போட வேண்டுமானால் தயாரிப்பவர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் தைத்து எடுத்துவரும் எல்லாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். எனவே முத்திரை இல்லை என்பதற்காகப் போலி ஆகாது. முத்திரை ஒட்டியிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம், ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்த அம்மாவிடம் “இது யார் தைத்தது, எந்த மந்து?” என்று கேளுங்கள் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு). ஊர்ப் பெயரோடு பதில் வரும். தயக்கமாக இருந்தால் பூம்புகார் போன்ற அரசுக் கடைகளில் வாங்கலாம்.

அப்புறம், பேரம். வியாபாரியிடம் பேசுங்கள். தைத்தவரிடமே வாங்கும்போது சொன்ன விலையைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. கட்டுப்படியாகவில்லை என்றால் சால்வையை விட்டுவிட்டு சின்னப் பையோ பர்ஸோ வாங்குங்கள்.

கேள்வி: எப்படித் துவைப்பது?
– அதே வாசகர்

பதில்: தனியாக, குளிர்ந்த நீரில், கையால். முதல் முறை ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை ஒரு ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று தெரியும். ஊறவைக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பூ வேலைப்பாட்டின் மேல் அழுத்தினால் புடைப்பு படிந்துபோகும், துணியை மட்டும் தேயுங்கள்.