கை கிரைண்டரா, மின்சாரக் கிரைண்டரா?

கேள்வி: வீட்டில் இரண்டு பேர் காப்பி குடிக்கிறோம். பிளேடு கிரைண்டரில் கொட்டையை அரைத்து பிரெஞ்சு பிரஸ்ஸில் (தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத்தட்டால் அழுத்தி வடிக்கும் குடுவை) போடுகிறோம். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருகிறது, அடியில் சேறாகத் தூள் தங்குகிறது. வேறு கிரைண்டர் வாங்கலாம் என்றால் கையால் சுற்றுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்று குழப்பம். பின்னாளில் எஸ்பிரெசோ (வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் திடமான காப்பி) எந்திரம் வாங்கும் எண்ணமும் உண்டு. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கொட்டையை மாற்றிப் பார்க்க வேண்டாம், உங்கள் சிக்கல் பெரும்பாலும் பிளேடில்தான் இருக்கிறது. பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். மாவு போன்ற தூளும் பாதி உடைந்த துண்டும் ஒன்றாகக் கிடைக்கும். வெந்நீர் பட்டதும் நைசான தூள் தன்னிடம் உள்ள கசப்பு வரை எல்லாவற்றையும் விட்டுவிடும். பெரிய துண்டின் உட்பகுதி நனைந்து கரைவதற்குள் நீங்கள் காப்பியை ஊற்றிவிடுவீர்கள், அதனால் புளிப்பு. இரண்டும் ஒரே கோப்பையில் சேர்வது இப்படித்தான்.

பர் கிரைண்டரில் 'பர்' எனப்படும் பல் வைத்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதற்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாகும் வரை கொட்டை வெளியேற முடியாது. கொஞ்சம் நைசுத் தூள் எதிலும் விழத்தான் செய்யும், ஆனால் பிளேடோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறையும். ஆகவே பர் கிரைண்டர் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

சரி, கையா மின்சாரமா? ஒரே விலையில் இரண்டு இருந்தால் நான் கை கிரைண்டரைத்தான் சொல்வேன். மின்சாரக் கிரைண்டரில் உங்கள் பணத்தில் பெரும்பங்கு மோட்டாருக்கும் கியருக்கும் போய்விடும். கை கிரைண்டரில் அந்தப் பணம் பர்ருக்கும் பேரிங்குக்கும் போகிறது. அரை லிட்டர் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு ஏறக்குறைய 30 கிராம் கொட்டை வேண்டும். நல்ல எஃகுப் பர் இதை ஓரிரு நிமிடத்தில் கொரகொரப்பாக அரைத்துவிடும். பல கை கிரைண்டர்கள் 20 கிராம்தான் கொள்ளும், வாங்கும்போது அதைக் கேளுங்கள். மணிக்கட்டு வலி இருந்தாலோ, லேசாக வறுத்த கெட்டியான கொட்டையே பிடிக்கும் என்றாலோ மின்சாரமே வசதி.

கடையில் வாங்கினால், அடிக்கிண்ணத்தைக் கழற்றி உள் பர்ரை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். இடைவெளி அதிகமாகும்போது உள் பர்ரைச் சுற்றும் தண்டு இன்னும் அதிகமாகத் தள்ளாடும், கொரகொரப்பாக அரைக்கும் உங்களுக்குத்தான் அது முதலில் தெரியும். தண்டை மேலும் கீழுமாக இரண்டு பேரிங் தாங்கியிருப்பது நல்லது. பீங்கான் பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் கொட்டையோடு சிறு கல் வந்தால் விளிம்பு உடையலாம். நான் எஃகையே விரும்புகிறேன். பர் கூம்பா தட்டையா என்ற விவாதத்தில் இப்போது இறங்க வேண்டாம்.

எஸ்பிரெசோ வேறு கணக்கு. 18 கிராம் தூளில் 36 கிராம் காப்பி 25–30 விநாடியில் இறங்க வேண்டும் என்பது வழக்கமான தொடக்க அளவு. இடைவெளியை இம்மி மாற்றினாலே சில விநாடி கூடும், குறையும். இடைவெளியை மாற்றும் படிகள் பெரிதாக உள்ள கிரைண்டரில் இவ்வளவு நுணுக்கமாக மாற்ற முடியாது, மிக நுண்ணிய படிகளோ, படியே இல்லாத திருகோ வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்' என்று விற்பவற்றை நம்பி இப்போதே அதிகம் கொடுக்காதீர்கள். எந்திரம் வரும்போது அதற்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம். தினமும் நைசுக்கும் கொரகொரப்புக்கும் மாற்றி மாற்றித் திருகுவதும் பெரிய தொல்லை.

அப்புறம் பழக்கம். காப்பி புளித்தால் ஒரு படி நைசாக்குங்கள், கசந்தால் ஒரு படி கொரகொரப்பாக்குங்கள். தூளின் அளவையும் நீரின் சூட்டையும் கூடவே மாற்றினால் எதனால் சுவை மாறியது என்று தெரியாமல் போகும். மின்சாரக் கிரைண்டரை ஓடும்போது மட்டுமே நைசு பக்கம் திருப்புங்கள். நின்றிருக்கும்போது திருப்பினால் கொட்டை நடுவில் சிக்கி இறுகும். தூள் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பறக்கிறதா? அரைக்கும் முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள், தூளை ஒட்டவைக்கும் நிலைமின்சாரம் அடங்கும். எஃகுப் பர்ரைக் கழுவ வேண்டாம், துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், படிந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் அது கோப்பைக்கும் வரும். வேறு எதையும் அதில் அரைக்காதீர்கள்.

புதியது வரும் வரை பிளேடு கிரைண்டரையே விட்டு விட்டு ஓட்டி, ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். பிறகு நுண்ணிய சல்லடையில் சலித்து நைசுத் தூளை ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். கசப்பும் அடிச்சேறும் ஓரளவு குறையும்.