வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஈரான் படங்களை ஓயாமல் புகழ்கிறீர்களே என்று கியரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ பார்த்தேன். ஒரு பெடியன் கொப்பியோடு ஓடுகிறான், திரும்பி வருகிறான். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது?
– வாசகி, உப்புவெளி

பதில்: கொப்பி போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும், தங்கச்சி? இனியும் கொப்பியில் எழுதாமல் வந்தால் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்துவேன் என்று வாத்தியார் அந்தப் பெடியன் அகமதின் கூட்டாளியிடம் சொல்லிவிட்டார். கூட்டாளியின் கொப்பியோ தவறுதலாக அகமதிடம் வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது உயிர் போகிற காரியம். தாய் உடுப்புத் தோய்த்தபடியே “வீட்டுப்பாடத்தை எழுது” என்கிறாள். அவன் திரும்பவும் சொல்கிறான், அவளும் திரும்ப அதையே சொல்கிறாள். தாத்தா தன்னிடம் சிகரெட் இருக்கும்போதே, பிள்ளை சொல்வழி கேட்கிறானா என்று பார்க்க, சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். எங்கள் வீடுகளில் நடக்காததா? பெரியவர்கள் எல்லாரும் தட்டிக்கழிக்கும்போது கமெரா மட்டும் கடைசிவரை அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. அதற்காகத்தான் புகழ்கிறேன்.

1987இல் வந்த படம். நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ச் சனங்கள். 1990இல் வட ஈரானில் பெரிய பூமியதிர்ச்சி. படம் எடுத்த கோக்கர் கிராமமும் இடிந்தது. நடித்த பிள்ளைகள் தப்பினார்களா என்று தேடி கியரோஸ்தமி தன் மகனோடு காரில் போனார். அந்தப் பயணத்தை வைத்து 1992இல் இன்னொரு படம் எடுத்தார். அதையும் பாருங்கள். உறவுகளைப் பறிகொடுத்த ஒருவன், உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்க அன்ரெனா கட்டிக்கொண்டிருப்பான். சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆள் தேடி அலைந்தவர்களுக்கு அந்த மனுசனை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த ஈரான் படத்தைப் போடலாம்?
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: மஜித் மஜிதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’, 1997. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், ஒரே சோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு சப்பாத்து என்றதும், மூன்றாவதாக வரவேண்டும் என்றே ஓடுகிறான்! முடிவைச் சொல்லமாட்டேன். வசனம் பாரசீகம்தான், ஆனாலும் கதையைக் கண்ணாலேயே பிடித்துக்கொள்ளலாம். ஓட்டம் தொடங்கினால் பிள்ளைகள் கத்துவார்கள். பக்கத்து வகுப்புக்கு முதலே சொல்லிவையுங்கள்.