ஹிமாலயனா, டோமினாரா?

கேள்வி: கொடைக்கானல், மூணாறு என்று நெடும்பயணம் போக ஒரு பழைய பைக் வாங்க விரும்புகிறேன். 2018 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019 பஜாஜ் டோமினார் 400 இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: திருச்சி நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதே உங்கள் விருப்பமென்றால், ஏறத்தாழ 40 குதிரைத்திறனும் ஆறு கியரும் உள்ள டோமினாரே ஏற்றது. ஆனால் நீங்கள் மலைப்பாதைகளைக் குறிப்பிடுகிறீர்கள்; 411 சிசி ஹிமாலயனின் திறன் சுமார் 24 குதிரைத்திறன்தான் என்றாலும், எஞ்சினின் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதாலும், 21 அங்குல முன்சக்கரம் குண்டும் குழியுமான வழியைத் தாங்குவதாலும், என் தேர்வு அதுவே. டேங்கும் 15 லிட்டர்; டோமினாரில் 13.

இருப்பினும், மாடலைவிட அந்த வண்டியின் நிலையே முக்கியம். நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் சென்று, எஞ்சினைத் தொட்டு அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் எங்காவது தட்டி நின்றால், கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் ஓடிய வண்டியென்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றியே பாருங்கள். டோமினாரானால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவையும் கவனியுங்கள்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், அது நீங்கும்வரை முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பெற்று, 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.