‘சாப்பிடவில்லை’ என்று எழுதியவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இந்தோனேசியாவின் தென்கோடியில் உள்ள ரோட்டே தீவுக்குப் போயிருந்தேன். நேம்பராலா கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடத்தான் போனோம். வண்டி ஓட்டியவரின் ஊர் தீவின் உட்பகுதியில் இருந்தது. அங்கே இரண்டு இரவு தங்கினோம். செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கிறார்கள். என்னை உலுக்கியது வேறொன்று. மதியம் அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. ஏதோ கறுப்புச் சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு விளையாட ஓடிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் சோறு வைத்தார்கள். ஆனாலும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எதுவுமே இல்லாமல் எப்படி இவர்களால் மகிழ்ச்சியாக இருக்க முடிகிறது? நண்பர்கள் சேர்ந்து மாதாமாதம் அரிசிக்குப் பணம் அனுப்பலாம் என்றிருக்கிறோம். யார் மூலம் அனுப்புவது நல்லது? கிளம்பும்போது அந்த அம்மா ஒரு சீசா பாகு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. திறக்காமல் ஃபிரிட்ஜில் கிடக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிப்பை முதலில் விட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கிளம்பிய பிறகு கடன் கணக்குப் பார்த்திருப்பார்கள், சண்டையும் போட்டிருப்பார்கள். அவர்கள் அப்படியொன்றும் சாதுக்களும் இல்லை. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் மொண்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது, ரோட்டேயிலும், பக்கத்துத் தீமோர் தீவின் குப்பாங் பகுதியிலும் கடற்பாசி விவசாயம் அழிந்தது. பதினைந்தாயிரம் விவசாயிகளுக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். 2021இல் வென்றார்கள். மறு ஆண்டு 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. வெறும் சிரிப்பால் வந்த பணம் இல்லை அது.

தண்ணீர்க் கஷ்டம் உண்மை. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, மீதி மாதங்களில் மண் வெடித்துக் கிடக்கும். 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டப்படி 2015 முதல் ஊருக்கு ஊர் நிதி போகிறது. கிணறு வெட்டினார்களா, கணக்கு எங்கே என்று ஊர்த்தலைவரை அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘சாப்பிடவில்லை’. அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில்.

தம்பி, அது பனை. நீங்கள் பார்த்த கறுப்புப் பாகு பனஞ்சாறு காய்ச்சியது. அங்கே மரத்துக்கு லோந்தார் என்று பெயர். ஜாவா மொழியில் ரோன் என்றால் இலை, தால் என்றால் பனை. இரண்டும் சேர்ந்து இடம்மாறி லோந்தார் ஆனது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பரில் நான் அங்கே போயிருந்தேன். காலையில் ஒருவர் மரத்திலிருந்து இறங்கினார். இடுப்பில் தொங்கியது ஓலையை விசிறிபோல் மடித்துக் கட்டிய வாளி. ஹாயிக் என்கிறார்கள். நம் பனையோலைப் பட்டைக்கு அண்ணன். பாளையை மரக்கிட்டியால் நெரித்து நுனி சீவும் முறையும் அதேதான். மண்ணைக் குழித்து நீளமாக ஓர் அடுப்பு, வரிசையாகக் கண்கள், எரிப்பதற்கு அதே பனையின் மட்டை. அடுப்பருகே அவர் மனைவி அகப்பையை உயர்த்திப் பாகு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலாக இறங்கியதும் பானையை இறக்கினார். இது குலா ஆயிர், நீர்ச் சர்க்கரை. எங்கள் ஊரில் இந்தப் பதத்துக்குக் கூப்பனி என்று பெயர். இன்னும் காய்ச்சி ஓலை வளையத்தில் ஊற்றினால் வட்டக் கருப்பட்டி. நாங்கள் சிரட்டையில் ஊற்றுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பாகு பானையில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். பக்கத்துத் தீவுகளில் மக்காச்சோளம் தீர்ந்து மழைக்குக் காத்திருக்கும் பசிக்காலத்தில், ரோட்டேக்காரர்கள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கெக்கா என்ற ரோட்டே கிராமத்தில் 1912இல் பிறந்த ஹெர்மன் யோஹான்னஸ், 1961 முதல் 1966 வரை ஜாவாவின் கஜா மாடா பல்கலைக்கழகத்தில் ரெக்டராக, நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி, இருந்தார். சிறு வயதில் அவர் வீட்டுப் பானையில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிறகு அது ஏன் பட்டினியாகத் தெரிந்தது? ‘நாசி சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதே இல்லை’ என்று இந்தோனேசியர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். நாசி என்றால் சோறு. அங்கே அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு ஆளுக்கு மாதம் 10 கிலோ அரிசி என்பது நெடுநாள் வழக்கம். ஆக, சோறு தின்கிற வீடு உத்தியோகஸ்தர் வீடு. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டோம் என்று அதிபர் சுகார்த்தோவின் அரசு கொண்டாடியது. 1998 பொருளாதார நெருக்கடியில் ஏழைகளுக்கு மலிவு அரிசி தொடங்கியது. பின்னால் அதற்கு ராஸ்கின் என்று பெயர், ஏழைக்கான அரிசி. நெல்லே சரியாக விளையாத தீவுகளுக்கும் கப்பலில் மூட்டை போயிற்று. அரிசி வந்து இறங்கிய பிறகுதான், சோளமும் பனையும் தின்றவன் தன்னை இல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளக் கற்றான். இப்போது நீங்களும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

கோபப்படாதீர்கள். எனக்கு இது பழைய வலி. செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் குறிப்பேட்டோடு வரிசையாகக் கேட்டுவந்தார்: “காலையில் என்ன சாப்பிட்டாய்?” கடைக்காரர் மகன் இட்லி என்றான். நான் “அக்கானி, சார்” என்றேன். பதநீரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வகுப்பே சிரித்தது. “அது குடிக்கிறது. சாப்பிட்டது என்ன?” நான் விழித்தேன். ‘சாப்பிடவில்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டார். அன்று அப்பா பனையிலிருந்து இறங்கியதும் பட்டையில் ஊற்றி, மாங்காய் சீவிப் போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு வயிறு முட்டிக் கிடந்தது.

அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கருப்பட்டி விற்ற காசில் அரிசி வாங்கி, இரவில் வடித்து, காலையில் எனக்கு மட்டும் ஒரு கை பழையது வைத்தாள். “சாப்பிட்டேன்னு சொல்லுல” என்றாள். அக்காள்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அக்கானி குடித்தார்கள். உங்களுக்கு மட்டும் சோறு வைத்தாரே, அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும்.

வறுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரோட்டே இருக்கும் கிழக்கு நூசா தெங்காரா மாகாணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் ரொக்கம் வேண்டும். பாகு விற்று எவ்வளவு வரும்? அதனால் இளைஞர்கள் மலேசியாவின் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள், பலர் முறையான காகிதம் இல்லாமல். ஒரு பனையிலிருந்து இறங்கி இன்னொரு பனைக்கு. நம்மவர்களும் குலை வெட்டிய தோட்டங்கள்தாம். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் அந்த மாகாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த சவப்பெட்டிகள் ஆண்டுக்கு நூறுக்கு மேல். குப்பாங் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இறக்கிக் கொடுப்பார்கள். பணம் யார் மூலம் அனுப்புவது என்று கேட்டீர்கள். அந்த வண்டி ஓட்டுநரிடமே கேளுங்கள், பாகு என்ன விலை, யார் வாங்குகிறார்கள், குப்பாங்குக்கு அனுப்ப என்ன செலவு என்று. எனக்கு அதற்கு மேல் தெரியாது.

அந்தச் சீசாவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். குளிரில் இறுகியிருக்கும், வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். ஒரு பங்கு பாகுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், பானைத் தண்ணீராக இருந்தால் நல்லது. லேசாகப் புகை வாசனை வரும், அது மட்டை எரிந்த வாசனை. ஒருநாள் மதியம் வேறெதுவும் தொடாமல் அதை மட்டும் குடித்துவிட்டு, சாயங்காலம் எனக்கு எழுதுங்கள்.