பெல்ஜியம் கண்ணாடி

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்கு 24 வயது. தேவகோட்டைப் பக்கம் ஊர், காரைக்குடியில் வேலை. சித்திரையில் பெண் பார்க்க வந்தவர்கள், "பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் 64 கிலோ 58 ஆனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. பிறகு பசி தாங்காமல் சாப்பிடத் தொடங்கி, இப்போது 65. பலகாரத் தட்டைக் கண்டாலே பயம். இருட்டிய பிறகு மொட்டைமாடியில் நடக்கிறேன். ஆவணியில் நடந்த அண்ணன் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. உடம்பு இளைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்குமா?

பெயர் வேண்டாம், ஆச்சி.

*

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாணப் படங்களைப் பற்றிய வரியைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடியவில்லை. அந்தக் கல்யாண நாளில் நீங்கள் எங்கே நின்றிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கானாடுகாத்தானில் என் அப்பத்தா வீட்டில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி ஒன்று உண்டு. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், உறவுக்காரர் ஒருவர் அதன் முன் என்னை நிறுத்திப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். நான் என் உடம்பைக் குறையாகப் பார்த்த முதல் நாள் அது. அன்று காலைகூட அதே கைகளால்தான் கிணற்றில் நீர் இறைத்து, வீட்டின் இரண்டாங்கட்டு முற்றம் முழுவதும் கழுவிவிட்டிருந்தேன். அது அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை.

'பூசினாற்போல' என்பது அப்பத்தா வாயில் பாராட்டு. நோய்நொடி இல்லாத, வயிறார உண்ட உடம்பு என்று அர்த்தம். உடம்பு மாறவில்லை, சொல்லின் விலைதான் மாறியது. பீஜித் தீவிலும் இதுவே நடந்தது. அங்கே முன்பெல்லாம் பருத்த உடம்புக்குத்தான் மதிப்பு இருந்தது. 1995இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. 1998இல் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, தாங்கள் குண்டாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று நூற்றுக்கு 74 பேர் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த வெட்கம் அது. உங்களுடையதும் அப்படித்தான்.

எடை பார்க்கும் இடங்களில் மாட்டியிருக்கும், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அட்டவணையும் ஒருவகையில் பெல்ஜியத்திலிருந்து வந்ததே. 1830களில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர் போட்ட கணக்கு அது. வானியலும் புள்ளியியலும் அறிந்தவர், மருத்துவர் அல்லர். ஒரு கூட்டத்தின் சராசரி மனிதனைத்தான் அவர் தேடினார். உங்களைத் தேடவில்லை. ஆனால் அந்த எண்ணைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிய மக்களுக்கு அது 23ஐத் தாண்டும்போதே சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இவையெல்லாம் உடல்நலக் குறிப்புகள். உங்கள் அழகைப் பற்றியோ, நீங்கள் படத்தில் நிற்கலாமா என்பதைப் பற்றியோ அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது.

பட்டினியில் நீங்கள் இழந்தது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான். தசை குறைந்தால் உடம்பின் அன்றாடச் செலவும் குறையும். அதனால்தான் பழையபடி சாப்பிட்டதும் எடை திரும்பி வந்தது. உங்கள் மன உறுதியில் குறை இல்லை. உணவு போதாதபோது உடம்பு முடியையும் மாதவிலக்கையும் தள்ளிவைத்து உயிரைக் காக்கப் பார்க்கிறது. அது உங்களுக்காகத்தான் போராடியிருக்கிறது. மூன்று மாதம் மாதவிலக்கு வராததை அப்படியே விடக் கூடாது. இந்த வாரமே ஒரு பெண் மருத்துவரைப் பாருங்கள். இரத்தச்சோகை, தைராய்டு இரண்டுக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். சாப்பாட்டைப் பற்றிய பயம் தூக்கத்தைக் கெடுத்தால், அரசின் மனநல உதவி எண் 14416க்குத் தமிழிலேயே பேசலாம்.

இரவில் சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சமையலைப் பகையாக நினைக்க வேண்டாம். வெள்ளைப் பணியாரமும் சீப்புச் சீடையும் விசேஷத்துக்கு உரியவை. அன்றாடத்துக்கு அரிசி களைந்த தண்ணீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டி, கீரை மசியல், பருப்பு, மீன் குழம்பு என்று எவ்வளவோ இருக்கின்றன. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டினால் போதும். கவுனி அரிசியின் கருந்தோலில் நல்ல சத்து உண்டு. அதற்காகச் சர்க்கரையைக் கொட்டிக் கிண்டிவிட்டு ஆரோக்கிய உணவு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இனிப்பை இனிப்பென்றே சொல்லி, உட்கார்ந்து, ருசித்து, ஒரு கிண்ணம் சாப்பிடலாம்.

நடையைப் பற்றித்தான் எனக்கு ஆசையாகச் சொல்ல இருக்கிறது. தையில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் பாதயாத்திரையில் நான் சிலமுறை நடந்திருக்கிறேன். வழியில் யாரும் யாரிடமும் எடையைக் கேட்பதில்லை. "கால் எப்படி இருக்கிறது? கொப்பளம் உடைந்ததா? தண்ணீர் குடித்தீர்களா?" என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை என்னைவிடப் பருமனான ஓர் ஆச்சி, 60 வயதைத் தாண்டியவர், நத்தம் வரைக்கும் எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நானும் நடந்தேன். இரவில் அவர் தம் பாதங்களுக்கு எண்ணெய் தடவியதைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தைக்குத் தடவுவதுபோல் அத்தனை பொறுமை. என் உடம்போடு எனக்கிருந்த சண்டை அன்று பாதி தீர்ந்தது. மீதி தீர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மருத்துவர் சரி என்றதும், மொட்டைமாடியை விட்டு இறங்கி, காலை வெளிச்சத்தில் ஊருணிக் கரையில் நடங்கள். நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். எடைக்கருவியைச் சில வாரம் பரணில் ஏற்றிவிட்டு, எத்தனை படி மூச்சு வாங்காமல் ஏறுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள்.

தீபாவளிக்கு அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணி) வீட்டுக்கு வருவார்கள் அல்லவா? வீட்டு நடுவிலுள்ள வளவில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓரத்தில் வேண்டாம், ஆத்தாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

அன்புடன்,
ஆச்சி