லொபேராவின் முதல் சீசன்: மும்பை சிட்டி 2020-21, கேள்வி பதில்

2020-21 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சீசனில் மும்பை சிட்டி, லீக் ஆட்டங்களில் முதலிடத்துக்கான ஷீல்டையும், பிளே-ஆஃபில் வெல்லும் கோப்பையையும் சேர்த்தே தூக்கியது. ஒரே சீசனில் இரண்டையும் எடுத்த முதல் அணி அதுதான். கோச் செர்ஜியோ லொபேராவுக்கு மும்பையில் அது முதல் வருஷம். அந்த சீசனைப் பற்றி மும்பைத் தமிழ் ரசிகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

செல்வம், ஆண்டாப் ஹில்: முந்தின வருஷம் 5-ம் இடம், அடுத்த வருஷம் முதலிடம். சிட்டி குரூப் கொட்டுன காசுதானே அண்ணே காரணம்?

காசு இல்லாமல் நடந்திருக்காது, உண்மை. 2019 நவம்பரில், மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி ஃபுட்பால் குரூப் அணியின் 65 சதவீதப் பங்கை வாங்கியது. ஆனால் காசு மட்டும் காரணம் என்றால் ஏற்க மாட்டேன். ஜோர்ஜ் கோஸ்டா கோச்சாக இருந்த 2019-20-ல் 18 ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தார்கள், பிளே-ஆஃப் கிடைக்கவில்லை. லொபேரா வந்தது 2020 அக்டோபரில். முதல் ஆட்டம் நவம்பர் 21. இடையில் ஆறு வாரம்கூட இல்லை, அதிலும் கொரோனா தனிமை வேறு. பந்தைத் தரையிலேயே வைத்து ஆடும் ஆட்டத்தை அந்த அவகாசத்தில் ஒரு புது அணிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அவர் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முன்பு எஃப்சி கோவாவின் கோச்சாக இருந்தபோது தன்னிடம் ஆடிய முர்ததா ஃபால், அகமது ஜாஹூ, ஹ்யூகோ பூமூஸ், மந்தார் ராவ் தேசாய் நாலு பேரும் மும்பைக்கு வந்துவிட்டார்கள். சென்டர்பேக் (நடு டிஃபென்டர்), நடுக்களத்தின் அடி, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர், இடது ஃபுல்பேக் (ஓர டிஃபென்டர்) என்று நான்கு முக்கிய இடங்களிலும் பாடம் ஏற்கனவே தெரிந்த ஆட்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நின்றால் போதும். ஸ்ட்ரைக்கர் ஓக்பெச்சேயைக் காசு கொடுத்து வாங்கலாம்; ஜாஹூவும் பூமூஸும் சேர்ந்து ஆடிய சீசன்களை எந்தக் காசும் வாங்காது.

ரேவதி, செம்பூர்: டிவியில பார்க்கிறப்ப எல்லாரும் ஜாஹூ ஜாஹூன்னு சொல்றாங்க. அவர் கோல் போடறதில்லை, வேகமா ஓடறதும் இல்லை. அப்படி என்னதான் செய்யறார்?

நல்ல கேள்விம்மா. இந்த சீசன் புரிவதற்கு இந்த ஒரு பதில் போதும் என்பேன்.

காகிதத்தில் அணி 4-2-3-1, அதாவது பின்னாலிருந்து 4 டிஃபென்டர், 2 பேர், 3 பேர், முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கர். பந்து கோல்கீப்பர் அம்ரிந்தரிடம் இருக்கும்போது ஜாஹூவை மட்டும் கவனியுங்கள். இரண்டு சென்டர்பேக்குகளுக்கு நடுவிலோ பக்கத்திலோ இறங்கி வந்து நிற்பார். எதிரணியில் இரண்டு பேர் பிரஸ் செய்ய (மேலேறி நெருக்கிப் பந்தைப் பிடுங்க) வந்தால் அங்கே மும்பைக்கு மூன்று பேர், கணக்கில் ஒருவர் கூடுதல். அந்தக் கூடுதல் ஆள் இருப்பதால் இரண்டு ஃபுல்பேக்குகளும் பயமில்லாமல் மேலே ஏறுவார்கள். அவர்கள் ஏறியதும் பிபின் சிங், ரேனியர் போன்ற விங் ஆட்கள் கோட்டை விட்டு உள்ளே வருவார்கள், பூமூஸ் எதிரணியின் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் இடையில் உள்ள சந்தில் நிற்பார். எதிரணி அந்தச் சந்தை அடைத்தால் வெளியே ஃபுல்பேக் தனியாக இருப்பார். ஃபுல்பேக்கிடம் போனால் பூமூஸுக்கு இடம் திறந்துவிடும். எது திறக்கிறது என்று பார்த்து அங்கே பந்தைப் போடுவதுதான் ஜாஹூவின் வேலை. நாற்பது மீட்டர் பாஸும் போடுவார், நாலு மீட்டர் பாஸும் போடுவார்.

இதில் உள்ள ஆபத்தும் அவரிடமே இருக்கிறது. அந்த இடத்தில் அவர் பந்தை இழந்தால் பின்னால் இருப்பது இரண்டு சென்டர்பேக் மட்டும். ஃபுல்பேக்குகள் மைதானத்தின் பாதி தூரத்தில் இருப்பார்கள்.

ஜேக்கப், சயான் கோலிவாடா: முதல் மேட்ச்சே தோத்தாங்களே?

நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் 0-1. ஜாஹூ முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார், இரண்டாம் பாதியில் குவெசி அப்பியா பெனால்டியில் போட்டார். அடுத்து கோவாவுடன் 1-0. கோவாவின் ரிடீம் தலாங் சிவப்பு அட்டையில் போனார், ஆடம் லெ ஃபாண்ட்ரே இஞ்சுரி டைமில் பெனால்டி அடித்தார். அந்த இரண்டு ஆட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஈஸ்ட் பெங்காலை 3-0 அடித்ததிலிருந்துதான் லொபேராவின் அணி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

கணேசன், மாட்டுங்கா: நான் சென்னையின் எஃப்சி ஆள். எங்க பசங்க எப்படி சார் ஆடினாங்க இவங்களுக்கு எதிரா?

மானத்தைக் காப்பாற்றினார்கள். முதல் ஆட்டத்தில் சில்வெஸ்டர் போட்டு முன்னிலை எடுத்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் எர்னான் சந்தானா தலையால் சமன் செய்தார், பிறகு லெ ஃபாண்ட்ரே போட்டு 2-1. இரண்டாவது 1-1. மேலே வந்து பிரஸ் செய்யாமல் நடுவை மூடி நின்றதால் பூமூஸுக்கு இடம் குறைந்தது. அந்த வருஷம் சென்னையினுக்குக் கோல் போட ஆள் இல்லாததுதான் பிரச்சினை, அமைப்பில் குறை சொல்ல முடியாது.

முத்துராஜ், தாராவி: அண்ணாச்சி, ஜனவரி வரைக்கும் தொடவே முடியலை, பிப்ரவரியில ஆள் ஆளுக்கு அடிச்சாங்க. என்ன ஆச்சு?

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கணும். 20 ஆட்டத்தைப் பாதியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்தில் அடித்தது 17, வாங்கியது 4. அடுத்த பத்தில் அடித்தது 18, வாங்கியது 14. கோல் அடிப்பதில் ஒரு குறையும் இல்லை, உடைந்தது முழுக்கப் பின்னால்தான். (அந்த 18-ல் ஒடிசாவை அடித்த 6 இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.)

12 ஆட்டம் தோல்வியே இல்லாமல் போய், ஜனவரி 30-ல் நார்த்ஈஸ்ட் மறுபடி 2-1 என்று அடித்தது. டெஷார்ன் பிரவுன் முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு. அப்போது அந்த அணிக்குப் பொறுப்பில் இருந்தவர் காலித் ஜமீல், நம்ம மும்பை மைதானங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். பிறகு கோவாவுடன் 3-3, கடைசி நொடியில் இஷான் பண்டிதா சமன் செய்தார். பெங்களூருவிடம் 2-4. கிளெய்டன் சில்வா முதல் நிமிடத்திலேயே போட்டார். அவருக்கு இரண்டு, சேத்ரிக்கு இரண்டு. ஜாம்ஷெட்பூரிடம் 0-2.

என் பார்வையில் காரணம் மூன்று. முதலாவது, ஜாஹூவை எங்கே பிடிக்க வேண்டும் என்று அணிகள் கண்டுபிடித்துவிட்டன. சென்டர்பேக்கைத் துரத்துவதை விட்டு, ஒருவரை ஜாஹூவின் மேலேயே நிறுத்திவிட்டு மற்றவர்கள் காத்திருந்தார்கள். இரண்டாவது, ஃபாலும் எர்னானும் உயரமானவர்கள், தலையால் ஜெயிப்பார்கள். ஆனால் திரும்பி ஓட வேண்டிய பந்தில் பிரவுன் மாதிரி வேகமான ஆள் வந்தால் தாங்காது. டிஃபென்ஸ் கோடு மேலே நிற்கும் அணிக்கு இது எப்போதும் உள்ள பயம். மூன்றாவது, கோவாவுடன் ஆடிய அந்த 3-3-ல் பூமூஸ் சிவப்பு அட்டை வாங்கித் தடையில் போனார். முன்னால் பந்தைப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லாததால் பந்து சீக்கிரம் திரும்பி வந்தது, பின்வரிசைக்கு மூச்சு விட நேரமில்லை.

தேவி, முலுண்ட்: புள்ளி சமமா இருந்தும் மும்பைக்கு ஏன் ஷீல்டு?

கடைசி நாள், பிப்ரவரி 28. ஏடிகே மோகன் பாகன் 40, மும்பை 37. மோகன் பாகனுக்கு டிரா போதும், மும்பைக்கு வெற்றியே வேண்டும். 2-0 வென்று இருவரும் 40. புள்ளி சமமானால் முதலில் இருவரும் மோதிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். முதல் மோதலில் மும்பை 1-0, இதில் 2-0, அதனால் ஷீல்டு மும்பைக்கு. கூடவே ஆசிய கிளப்களுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக்கில் குரூப் இடமும்.

அந்த இரண்டு கோலும் வந்த விதம் முக்கியம். ஜாஹூ ஃப்ரீகிக் போட, ஃபால் தலையால் ஏழாவது நிமிடத்தில் முதல் கோல். அடுத்தது எர்னானின் ஃப்ரீகிக் கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஓக்பெச்சே தலையால் தள்ளினார். பாஸ் பாஸாகக் கட்டிய ஆட்டம் தடுமாறிய மாதத்தில் ஷீல்டைக் கொண்டுவந்தது நின்ற பந்து (ஃப்ரீகிக், கார்னர் மாதிரி). லொபேரா என்றாலே பாஸ் ஆட்டம் என்று பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தோணி, தாராவி: நம்ம ஏரியாப் பசங்க, 14 வயசுக்குக் கீழே, ஒரு பக்கம் 7 பேர் ஆடறோம். இந்த மாதிரி பின்னாலேர்ந்து ஆட வைக்கலாமா சார்? கிரவுண்டு மேடு பள்ளமா இருக்கு.

வைக்கலாம், ஆனால் படிப்படியாக.

முதல் மூன்று வாரம் 4-க்கு 2 மட்டும்: நாலு பேர் பந்தை வைத்திருக்க, இரண்டு பேர் பிடுங்கப் பார்ப்பார்கள். 8 மீட்டர் சதுரம், ஆளுக்கு இரண்டு டச், 2 நிமிடம் ஆட்டம், 30 நொடி ஓய்வு, ஆறு சுற்று. பாஸ் போட்டவன் நின்ற இடத்திலேயே நிற்கக் கூடாது, அடுத்த பாஸுக்கு ஒரு பக்கம் இரண்டு அடி நகர வேண்டும். பந்து குதிக்கும் மைதானம் என்பதால் முதல் டச் பாதத்தின் உட்புறத்தில், உடம்பு பந்துக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு டச் கட்டுப்பாடு வைக்காதீர்கள்; இந்தத் தரையில் அது பந்தை எத்திவிடத்தான் பழக்கும்.

பிறகு பாதி மைதானத்தில் கோல்கீப்பர், இரண்டு டிஃபென்டர், ஜாஹூ மாதிரி ஒரு பையன் என நாலு பேர். எதிரில் பிரஸ் செய்ய இரண்டு பேர். நடுக்கோட்டில் 2 மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் கூம்பு வைத்துச் சிறு வாசல். பந்தை அந்த வாசல் வழியே தள்ளினால் ஒரு புள்ளி. பிரஸ் செய்பவர்கள் பந்தைப் பிடுங்கி கோல் அடித்தால் இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி கட்டாயம் வேண்டும், அப்போதுதான் இழப்பின் விலை பையன்களுக்கு உறைக்கும்.

தவறு மூன்று இடத்தில் வரும். டிஃபென்டர் இருவரும் ஒட்டி நிற்பார்கள். 12 முதல் 15 மீட்டர் விலகி நிற்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒருவனே இருவரையும் அடைத்துவிடுவான். நடுப்பையன் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்குவான். பந்து வருமுன் இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து, பக்கவாட்டில் நின்று வாங்க வேண்டும். மூன்றாவது, எதிரி முதுகில் ஒட்டியிருக்கும்போதும் அவனுக்கே பாஸ் போடுவார்கள். அப்படி இருந்தால் பக்கத்து டிஃபென்டருக்கு, அதுவும் இல்லையென்றால் உயரமாக முன்னால். அப்படி உயர அடித்ததற்காகப் பையனைத் திட்டக் கூடாது.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் இதை நிறுத்திவிட்டு கார்னரும் ஃப்ரீகிக்கும் பழக்குங்கள்.

ஷாஜகான், குர்லா: செமிஃபைனல்ல கடைசி நிமிஷத்துல கீப்பரை மாத்தினது சரியா?

கோவாவுடன் 2-2, 0-0. எல்லா ஆட்டமும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல் நடந்ததால் வெளியூர் கோல் விதி கிடையாது. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் அம்ரிந்தரை எடுத்துவிட்டு புர்பா லாசென்பாவை இறக்கினார் லொபேரா. அம்ரிந்தர் கேப்டன் வேறு. பெனால்டியில் 6-5, கடைசி உதையை அடித்தவர் ரௌலின் போர்ஜஸ். சரிதான் என்பேன், தோற்றிருந்தாலும் இதையே சொல்வேன். பெனால்டி தடுப்பது தனி வேலை. மூன்று மாற்று மட்டும் என்றால் இதற்கென்று ஒன்றைச் சேமிப்பது கஷ்டம். ஐந்து மாற்று இருந்தது.

செல்வம், ஆண்டாப் ஹில்: ஃபைனல் பத்தி ரெண்டு வரி அண்ணே.

2021 மார்ச் 13, ஃபட்டோர்டா, மறுபடி மோகன் பாகன். 18-வது நிமிடம் ஜாஹூவிடமிருந்து ராய் கிருஷ்ணா பந்தைப் பிடுங்க, டேவிட் வில்லியம்ஸ் கோல். ரேவதிக்குச் சொன்ன அதே ஆபத்து. பத்து நிமிடம் கழித்து அதே ஜாஹூவின் நீளப் பந்தை டிரி தலையால் தன் கோலுக்குள்ளேயே விட்டார். முதல் பாதியின் கடைசியில் அமே ரானவடே தலையில் அடிபட்டு ஆம்புலன்ஸில் போனார், இரு அணியும் ஆடிப்போனது. 90-ல் கோல்கீப்பர் அரிந்தம் வெளியே வர, ஓக்பெச்சே பந்தைத் தட்டியெடுத்து பிபினுக்குத் தள்ளினார். 2-1.

ரேவதி, செம்பூர்: அப்படியிருந்தும் அடுத்த வருஷம் ஏன் 5-ம் இடம்?

அம்ரிந்தரும் பூமூஸும் மோகன் பாகனுக்குப் போனார்கள், ஓக்பெச்சே ஹைதராபாத்துக்கு. சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, 2021 அக்டோபரில், லொபேராவும் விலகினார். டெஸ் பக்கிங்ஹாம் வந்தார். களத்தில் நிற்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கையும் ஐந்திலிருந்து நாலாகக் குறைந்தது. ஆனால் அந்த ஷீல்டில் கிடைத்த சாம்பியன்ஸ் லீக் இடத்தில் பக்கிங்ஹாமின் அணி 2022 ஏப்ரலில் ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பை 2-1 வென்றது. அந்தப் போட்டியில் ஓர் இந்திய அணி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 2022-23-ல் அதே பக்கிங்ஹாம் 46 புள்ளியோடு ஷீல்டை மறுபடி எடுத்தார். ஜாஹூவும் ஃபாலும் அப்போதும் அணியில் இருந்தார்கள்.