உடன்படிக்கை மீது பொது வாக்கெடுப்பு: எதைப் படிப்பது, எதை நம்புவது?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். அண்மையில்தான் ஐரிஷ் குடியுரிமை கிடைத்தது. ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க முடியாது. இரு தரப்புப் பிரசாரமும் குழப்புகிறது. எப்படித் தயாராவது?

பதில்: முதலில் வாக்காளர் பதிவேட்டைப் பாருங்கள். குடியுரிமைக்கு முன்பே உள்ளாட்சித் தேர்தலுக்காகப் பெயர் பதிந்திருந்தால், அந்தப் பதிவு உள்ளாட்சிக்கு மட்டும்தான் செல்லும். பொது வாக்கெடுப்பில் ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு உண்டு. எனவே குடியுரிமை விவரத்தை நீங்களே திருத்த வேண்டும். பிபிஎஸ் எண் (அரசு சேவைகளுக்கான தனிநபர் எண்), பிறந்த தேதி, ஏர்கோட் (அயர்லாந்தின் அஞ்சல் குறியீடு) மூன்றும் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். வாக்குப்பதிவுக்கு 15 நாள் முன்பு கெடு. ஞாயிறும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராததால், குறைந்தது இரண்டரை வாரம் முன்னதாகவே வேலையை முடியுங்கள். வாய்ப்பைப் பலர் இழப்பது இங்கேதான்.

அடுத்து, யார் விளக்குவார்கள்? ஐரிஷ் உச்ச நீதிமன்றத்தின் 1995 மெக்கென்னா தீர்ப்பின்படி, ஒரு தரப்புக்கு ஆதரவாக அரசு பொதுப்பணத்தைச் செலவிடக் கூடாது. 2012இல் குழந்தைகள் உரிமை வாக்கெடுப்புக்கு அரசு வெளியிட்ட கையேடு நடுநிலையாக இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. வாக்கெடுப்பு விளக்கத்துக்கென 1998இல் தனி ஆணையம் வந்தது. 2023 முதல் அந்தப் பணி தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது. அதன் கையேடு வீட்டுக்கே வரும். எதற்கு வாக்களிக்கலாம் என்று அதில் தேடாதீர்கள், இருக்காது. 'ஆம்' என்றால் எது மாறும், 'இல்லை' என்றால் எது அப்படியே நிற்கும் என்பதை அறிய அதைவிட நம்பகமானது கிடையாது.

வாக்குச்சீட்டில் உடன்படிக்கை இருக்காது. அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவை ஏற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஆகவே திருத்த வாசகத்திலிருந்து தொடங்குங்கள். அரசுகளின் பற்றாக்குறைக்கு வரம்பு வைத்த 2012 நிதி உடன்படிக்கைக்கு அது இரண்டே வாக்கியம். பிறகு உடன்படிக்கை. அயர்லாந்து 2008, 2009இல் வாக்களித்த லிஸ்பன் உடன்படிக்கை போல், பழைய ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கைகளைத் திருத்துவதாக இருந்தால், மூல உரை 'இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல்' என்றே போகும், யாருக்கும் புரியாது. திருத்தங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த பதிப்பைத் தேடி எடுங்கள்.

முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நிதி உடன்படிக்கையில் மொத்தம் 16 பிரிவுகள். கட்டமைப்புப் பற்றாக்குறைக்கு (பொருளாதார ஏற்ற இறக்கத்தின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிடும் அரசின் பற்றாக்குறை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.5 சதவீதம் என்ற வரம்பு 3ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் ஐரிஷ் வாக்காளருக்கு மிக நெருக்கமான விஷயம் முன்னுரையில் கிடந்தது: 2013 மார்ச் 1 முதல், நெருக்கடியில் சிக்கும் யூரோ நாடுகளுக்குக் கடன் தரும் ஐரோப்பிய நிலைத்தன்மை நிதியத்தின் புதிய உதவி இதை ஏற்ற நாடுகளுக்குத்தான்.

பிரசாரத்தைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: 'இது எந்தப் பிரிவில் இருக்கிறது?' 2009இல் லிஸ்பனுக்குப் பிறகு குறைந்தபட்ச ஊதியம் 1.84 யூரோவா என்று ஒரு சுவரொட்டி கேட்டது. அப்போது சட்டப்படியான ஊதியம் மணிக்கு 8.65 யூரோ. லிஸ்பன் திருத்திய ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு உடன்படிக்கையில் தொழிலாளர் கொள்கை பற்றிய 153ஆம் பிரிவின் 5ஆம் பத்தியோ, அந்தப் பிரிவு ஊதியத்துக்குப் பொருந்தாது என்றே சொல்கிறது. மறுதரப்பின் 'வேலைவாய்ப்புக்கு ஆம்' முழக்கத்துக்கும் இதே சோதனைதான். இத்தனை வேலை தருவோம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அது பொருளாதாரக் கணிப்பு. கணிப்பை எடைபோடலாம், ஆனால் உடன்படிக்கை வாசகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2008இல் லிஸ்பன் 53.4 சதவீத எதிர்ப்பால் தோற்றபின் நடந்த யூரோபாரோமீட்டர் (ஐரோப்பிய ஆணையத்தின் கருத்துக்கணிப்பு) ஆய்வில், 'இல்லை' என்றவர்களில் 22 சதவீதத்தினர் உடன்படிக்கை பற்றிப் போதுமாகத் தெரியாததைக் காரணமாகச் சொன்னார்கள். மறுத்து வாக்களிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைப் படித்தபின் செய்யுங்கள். கையேட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

வாக்குப்பதிவு நாளில் அடையாள ஆவணம் கையில் இருக்கட்டும். ஐரிஷ் தேர்தல்களில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படுத்த வழக்கமாக எழுதும் 1, 2 எண்கள் இங்கே வேண்டாம். 'ஆம்' அல்லது 'இல்லை' கட்டத்தில் ஒரே ஒரு எக்ஸ் குறி.